சோங்சிங்கில் தரைத்தளம் எது?

தென்மேற்குச் சீனாவில், யாங்சி ஆற்றின் கரையில் இருக்கும் சோங்சிங் நகரத்தில் குய்சிங்லோ என்றொரு கட்டடம் உண்டு. அதன் முன்னால் அகலமான முற்றம், முற்றத்தை ஒட்டிச் சாலை. எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய சாதாரணச் சதுக்கம் என்றுதான் தோன்றும். ஓரத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். கீழே, வெகு கீழே, இன்னொரு தெரு. அங்கேயும் கடைகள், வண்டிகள், நடமாட்டம். நாம் நிற்கும் முற்றம் அந்தக் கட்டடத்தின் 22ஆவது மாடி.

இந்தக் காட்சியைப் படம்பிடித்த காணொளிகள் எல்லார் கைபேசிக்கும் வந்துவிட்டன. கூடவே மூன்று பேச்சுகளும் வந்தன. ‘எட்டுப் பரிமாண நகரம்’ என்பது ஒன்று. ‘குடியிருப்பைத் துளைத்துக்கொண்டு ரயில் விட்டிருக்கிறார்கள்’ என்பது இன்னொன்று. ‘உலகிலேயே பெரிய நகரம் இதுதான், மூன்று கோடிப் பேர்’ என்பது மூன்றாவது. முதலாவதில் வியப்பு இருக்கிறது, விளக்கம் இல்லை. இரண்டாவது தவறு. மூன்றாவதில் எண் சரி, அதற்குக் கொடுக்கும் பொருள் தவறு.

சோங்சிங்கை ஏதோ மாயாஜால ஊராக நினைத்து அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போவதைப் பார்க்கையில் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மேடும் பள்ளமுமான இடத்தில் கோடிப் பேர் குடியிருக்க வேண்டுமானால் என்னென்ன செய்தாக வேண்டும் என்று அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படிப்படியாகப் பார்ப்போம். படி என்ற சொல் இந்த ஊருக்கு மிகவும் பொருந்தும்.

## முதலில் ஒரு மலைச்சரிவு வீடு

மலையூரில் சரிவில் கட்டிய வீட்டில் தங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சாலையிலிருந்து வாசல் வழியாக உள்ளே போனால் கூடம். கூடத்திலிருந்து உள்படியில் இறங்கினால் சமையலறை. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் தோட்டம். தோட்டத்தில் நிற்பவருக்கு அந்தக் கூடம் மாடி. சாலையில் நிற்பவருக்கு அதே கூடம் தரைத்தளம். இருவர் சொல்வதும் சரிதான்.

இந்த வீட்டை 22 மாடி உயரத்துக்கு இழுத்தால் குய்சிங்லோ கிடைக்கும். பெரிய இரகசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஒரே கட்டடத்தின் மேலேயும் கீழேயும் எப்படி இரண்டு சாலைகள் வந்தன?

மலையில் ஆடுமாடுகள் நடந்து உண்டான தடத்தைக் கவனித்திருப்பீர்கள். அது நேராக உச்சிக்கு ஏறாது. சரிவைச் சுற்றிக்கொண்டு, கூடியவரை ஒரே உயரத்தில் போகும். மலையில் ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளையெல்லாம் இணைத்தால் கிடைக்கும் கோட்டுக்குச் சம உயரக் கோடு என்று பெயர். சக்கரம் வைத்த வண்டியும் மாட்டைப் போலத்தான், செங்குத்தாக ஏற அதற்குத் தெம்பு போதாது. அதனால் சாலை போடுகிறவர்கள் சம உயரக் கோட்டை ஒட்டியே போடுவார்கள். ஒரு சரிவில் அப்படி நான்கு சாலைகள் போட்டால், கோயில் குளத்துப் படிகள் போல ஒன்றன் கீழ் ஒன்றாக அமையும். இரண்டு சாலைகளுக்கும் நடுவில் மிஞ்சுவது சரிவு மட்டுமே. வீடு கட்ட அந்த இடம்தான் இருக்கிறது. அங்கே உயரமாக ஒரு கட்டடம் எழுப்பினால் அதன் கால் கீழ்ச் சாலையிலும் தோள் மேல் சாலையிலும் இருக்கும். தோளில் ஒரு கதவு வைத்துவிட்டால் மேல் சாலைக்காரர்கள் அப்படியே உள்ளே வரலாம்.

பைசியாங்ஜூ என்ற குடியிருப்பு இதற்குச் சரியான சாட்சி. யூஜோங் பகுதியில், யாங்சிக் கரைப்பக்கம் நிற்கிறது. 24 மாடி, லிஃப்ட் கிடையாது. கேட்டதும் ‘இதென்ன கொடுமை’ என்றுதான் நாமும் சொல்வோம். ஆனால் அதற்கு 1ஆம் மாடியில் ஒரு வாசல், 10ஆம் மாடியில் ஒரு வாசல், 15ஆம் மாடியில் ஒரு வாசல். ஒவ்வொன்றும் வெவ்வேறு தெருவில் திறக்கிறது. 12ஆம் மாடியில் குடியிருப்பவர் கீழேயிருந்து 12 மாடி ஏற வேண்டியதில்லை. 10ஆம் மாடித் தெருவிலிருந்து நுழைந்து இரண்டே மாடி ஏறினால் வீடு. மேல்மாடிக்காரர்களுக்குக் கால் வலிக்கத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது. என்றாலும் 24 மாடியை ஒரே மூச்சில் ஏறும் நிலை யாருக்கும் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சோங்சிங்கில் தரை என்பது ஒரே மட்டத்தில் கிடக்கும் பொருள் அன்று. சாலை எந்த உயரத்தில் போகிறதோ, அந்த உயரத்தில் அங்கே ஒரு தரை. ஒரு கட்டடத்துக்கு மூன்று தரை இருக்கலாம்.

## பாய் மடிந்தால் மலை

இந்தச் சரிவெல்லாம் எங்கிருந்து வந்தது? தரையில் விரித்த பாயின் ஒரு ஓரத்தைக் காலால் தள்ளிப் பாருங்கள். பாய் அலை அலையாக மடியும். ஒரு முகடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு முகடு, மறுபடி ஒரு பள்ளம். எல்லா முகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். பூமியின் மேலோட்டுப் பாறை அடுக்குகளைப் பக்கவாட்டில் நெருக்கும்போதும் இதுவே நடக்கிறது. அப்படி உண்டாகும் மேடுகளுக்கு மடிப்பு மலைகள் என்று பெயர். சிச்சுவான் படுகையின் கிழக்கு ஓரம் முழுக்க இப்படி மடிந்து கிடக்கிறது. ஜின்யுன், ஜோங்லியாங், தோங்லுவோ, மிங்யூ என்று நீளமும் ஒல்லியுமான மலைத்தொடர்கள் வரிசையாக ஓடுகின்றன, சீப்பின் பற்களைப் போல. ஜோங்லியாங்குக்கும் தோங்லுவோவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் பழைய சோங்சிங் நகரம் வளர்ந்தது.

பள்ளம் என்றதும் சமவெளி என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் படுகையின் பாறை செந்நிறமானது. கெட்டியான மணற்கல் ஓர் அடுக்கு, எளிதில் கரையும் களிக்கல் ஓர் அடுக்கு என்று மாறி மாறி வரும். மழையிலும் ஆற்றிலும் களிக்கல் கரைந்து போகும். மணற்கல் விளிம்பு கட்டி நிற்கும். அதனால் பள்ளத்துக்குள்ளேயே படிக்கட்டுப் படிக்கட்டாகச் சிறு குன்றுகள் மிஞ்சின. அவற்றை யாங்சியும் அதன் துணையாறு ஜியாலிங்கும் வளைந்து வளைந்து ஆழமாக அறுத்துவிட்டன.

இந்த இரண்டு ஆறுகளும் சேரும் முனைக்குச் சாவ்தியன்மென் என்று பெயர். அரசவையை நோக்கிய வாயில் என்பது பொருள்; பேரரசரின் ஆணையோடு வரும் தூதர்களை அந்தத் துறையில்தான் எதிர்கொண்டு வரவேற்றார்கள். கோடையில் அங்கே நின்றால் பச்சை சாய்ந்த ஜியாலிங்கும் செம்பழுப்பான யாங்சியும் கொஞ்ச தூரம் கலக்காமல் அருகருகே ஓடுவதைப் பார்க்கலாம். அந்த முனையிலிருந்து மேற்கே நீளும் நிலம் நாக்கு வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் ஜியாலிங், மறுபக்கம் யாங்சி, நடுவில் முதுகெலும்பாக ஒரு மேடு. இதுதான் யூஜோங் தீபகற்பம். 2,300 ஆண்டுகளுக்கு முன் சின் அரசு இந்தப் பகுதியைப் பிடித்துக் கோட்டை கட்டியது முதல் நகரத்தின் கருவறை இதுவே.

இரண்டு ஆறு சேரும் இடத்தை எதற்கு விரும்பினார்கள் என்று சொல்லவே தேவையில்லை: படகும் பண்டமும். மேட்டை எதற்கு விரும்பினார்கள்? பகைவர் ஏற முடியாது. சோங்சிங்குக்கு வடக்கே ஹேசுவான் பகுதியில், மூன்று ஆறுகள் சூழ்ந்த ஒரு குன்றின் மேல் தியாவ்யூ என்ற கோட்டை இருக்கிறது. அதை முற்றுகையிட்டு நின்றபோதுதான் 1259இல் மங்கோலியப் பேரரசர் மோங்கே கான் உயிரிழந்தார். மலையும் நீரும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய படையும் திணறும் என்பதை அந்த நாட்டார் கண்ணால் பார்த்தவர்கள்.

## மேல் பாதி, கீழ்ப் பாதி

யூஜோங்கை ஊர்க்காரர்கள் இடம், வலம் என்று பிரிப்பதைவிட மேல், கீழ் என்று பிரிப்பதே வழக்கம். ஆற்றை ஒட்டியது கீழ்ப் பாதி நகரம்: துறைமுகம், கிடங்கு, பழைய வணிகத் தெருக்கள். முகட்டில் இருப்பது மேல் பாதி நகரம்: இன்றைய பெரிய கடைவீதிகள். இரண்டையும் இணைத்தவை கல்படிகள். அவற்றுள் பெயர்பெற்றது ஷிபாத்தி. பதினெட்டுப் படி என்று பொருள்.

படியில் சக்கரம் ஓடாது. அப்படியானால் துறையில் வந்து இறங்கும் அரிசி மூட்டையும் துணிப்பொதியும் மேலே எப்படிப் போகும்? மனிதன் தோளில்தான். மூங்கில் தடி ஒன்று, நைலான் கயிறு இரண்டு, இவ்வளவே முதல். தடியின் இரு முனையிலும் சுமையைக் கட்டி, தோளில் நடுவைத் தாங்கி, தடி மேலும் கீழும் துள்ளும் தாளத்துக்கு ஏற்பக் காலெடுத்து வைத்துப் படியேறுவார்கள். தடிக்கு அவர்கள் மொழியில் பாங். அந்தத் தொழிலாளிகளுக்குப் பாங்பாங் என்றே பெயர். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூரியர் வண்டிகளும் லிஃப்டுகளும் வந்த பிறகு இந்தத் தொழில் தேய்ந்துவிட்டது. இன்று தடியோடு துறையருகில் நிற்பவர்களில் அநேகர் வயதானவர்கள். இந்த ஊரைக் கட்டிய சிமெண்ட்டும் செங்கல்லும் எத்தனை தோள்களின் வழியாக மேலேறின என்பதை ஒளிவெள்ளப் படங்கள் காட்டுவதில்லை. சோங்சிங்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இவர்களைத்தான் சொல்வேன்.

சோங்சிங்கின் புகழ்பெற்ற ஹாட்பாட் பிறந்ததும் இந்தத் துறைகளில்தான். படகுக்காரர்களும் சுமைக்காரர்களும் விலை மலிவான எருமைக் குடல், ஈரல் போன்றவற்றை மிளகாயும் நாக்கை மரக்க வைக்கும் சிச்சுவான் மிளகும் போட்ட கொழுப்புக் குழம்பில் அமிழ்த்தி எடுத்துச் சாப்பிட்டார்கள். சட்டியை ஒன்பது கட்டமாகப் பிரிக்கும் தட்டி இன்றும் அங்கே உண்டு.

படியேறுவதற்கு மாற்றாக இயந்திரங்கள் வந்த வரிசை அழகானது. 1982இல் ஜியாலிங்கின் குறுக்கே கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி. 1986இல் கைசுவான் சாலையில் ஒரு பொது லிஃப்ட்: கட்டடத்துக்குள் ஏறி இறங்க வைத்ததன்று, கீழ்த் தெருவிலிருந்து மேல் தெருவுக்குப் போக, டவுன் பஸ்ஸுக்குக் கொடுப்பது போலக் காசு கொடுத்து ஏறுவது. 1987இல் யாங்சியின் குறுக்கே 1,166 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு கம்பிவட ஊர்தி. 1996இல் ரயில் நிலையத்தையும் லியாங்லுகோ பகுதியையும் இணைத்து 112 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு. ஜியாலிங் ஊர்தி 2011இல் நின்றுவிட்டது. யாங்சி ஊர்தி இன்னும் ஓடுகிறது. ஒரு காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நின்ற வரிசையில் இப்போது சுற்றுலாப் பயணிகள் நிற்கிறார்கள்.

சுருக்கமாக ஒன்று: நம் ஊர்களில் லிஃப்ட் கட்டடத்தின் உறுப்பு. சோங்சிங்கில் அது சாலையின் உறுப்பு. இதனால்தானோ என்னவோ, சீனா என்றதும் நினைவுக்கு வரும் சைக்கிள் இந்த ஊரில் அரிது. மிதிக்க முடிகிற தெரு எங்கே இருக்கிறது?

## ரயில் வீட்டைத் துளைக்கவில்லை

லீசிபா நிலையத்துக்கு வருவோம். ஜியாலிங் கரையோரம் ஒரு 19 மாடிக் கட்டடம். அதன் வயிற்றுக்குள், 6 முதல் 8ஆம் மாடி வரையிலான இடத்தில், ரயில் நுழைந்து நின்று மறுபக்கம் வெளியே போகிறது. மேலே வீடுகள். ‘குடியிருந்தவர்கள் காலி செய்ய மறுத்தார்கள், அதனால் நடுவில் ஓட்டை போட்டார்கள்’ என்று ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. அது நடக்கவே இல்லை. கட்டடமும் நிலையமும் ஒரே காலத்தில், ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றைத் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை.

ஏன் அப்படித் திட்டமிட்டார்கள்? ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் ஆறு, நடுவில் இருக்கும் குறுகிய துண்டில் சாலையும் வேண்டும், ரயிலும் வேண்டும், வீடும் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லாதபோது ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். சிறிய வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைக்கிறோமே, அந்தக் கணக்கு.

இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் வேறு, குடியிருப்பைத் தாங்கும் தூண்கள் வேறு. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரு பந்தலுக்குள் இன்னொரு சிறிய பந்தல் தனிக் கால்களில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்பந்தல் ஆடினால் வெளிப்பந்தல் ஆடாது. ஆகவே ரயிலின் அதிர்வு நேரே வீட்டுச் சுவருக்குப் போவதில்லை.

இரண்டாவது, அது சாதாரண ரயிலே இல்லை. 2005இல் முறையாக இயங்கத் தொடங்கிய அந்த இரண்டாம் வழித்தடம் மோனோரயில் வகை: ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தின் மேல், குதிரை மேல் கால் போட்டு உட்காருவது போல ரயில் உட்கார்ந்து ஓடும். அதன் சக்கரம் ரப்பர். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும், அதனால் செங்குத்தான ஏற்றத்தில் ஏறத் திணறும். வளைவும் அகலமாக வேண்டும். ரப்பர் பிடித்துக்கொள்ளும், ஏற்றம் ஏறும், குறுகலாகவும் திரும்பும், சத்தமும் குறைவு. வளைந்து நெளியும் ஆற்றங்கரைக்கும் வீட்டின் அடிவயிற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

அதே ஊரில் நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. ஹோங்யான்சுன் என்ற மெட்ரோ நிலையம் தரையிலிருந்து 116 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிக்கட்டில் இறங்கி, திரும்பி, மறுபடி இறங்கி, மறுபடி திரும்பி… பிளாட்பாரம் வருவதற்குள் வீட்டுக்கு ஒரு ஃபோன் பேசி முடித்துவிடலாம். ‘ஏன் இவ்வளவு ஆழமாகத் தோண்டினார்கள்’ என்று கேட்பது இயல்பு. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ரயில் ஆழத்துக்குப் போகவில்லை, அதன் தலைக்கு மேல் மலை உயர்ந்திருக்கிறது. ரயிலால் மேட்டோடு ஏறிப் பள்ளத்தோடு இறங்க முடியாது. அது கூடியவரை ஒரே மட்டத்தில் போக வேண்டும். பள்ளம் வந்தால் பாலம், மேடு வந்தால் சுரங்கம். பூசணிக்காயின் குறுக்கே நேராக ஓர் ஊசியைச் செருகினால், ஊசி மேலும் கீழும் அசையவில்லை என்றாலும் நடுவில் அதற்கு மேல் சதை அதிகம், ஓரத்தில் குறைவு. 116 மீட்டர் என்பது மலையின் சதை.

ஆக, வீட்டின் வயிற்றில் நிலையம், மலையின் அடியில் நிலையம் இரண்டுக்கும் காரணம் ஒன்று: ரயில் தன் மட்டத்தை விடாது, நிலம்தான் அதைச் சுற்றி ஏறி இறங்குகிறது.

பாலங்களுக்கும் இதே விதி. நகருக்குள் யாங்சியைக் கடக்கச் சாலைப் பாலம் வந்தது 1980இல்தான். அதற்கு முன் படகுதான். இப்போது எண்ணி மாளாத பாலங்கள். 2009இல் திறந்த சாவ்தியன்மென் பாலத்தின் நடு வளைவு 552 மீட்டர்; திறந்தபோது உலகின் நீளமான வளைவுப் பாலம் அது. ஹுவாங்ஜுவேவான் என்ற சாலைச் சந்திப்பில் ஐந்து அடுக்குகளில் 15 இணைப்புச் சாலைகள் பின்னிக்கொண்டு எட்டுத் திசைக்குப் போகின்றன. ஹுவாங்ஜுவே என்பது நம் ஆல், அரசு இனத்து மரம். சோங்சிங்கின் நகர மரமும் அதுதான். பழைய கற்சுவர்களின் வெடிப்பில் வேர்விட்டுச் சுவரையே கட்டிப் பிடித்துக்கொண்டு வளரும். செங்குத்தில் வாழ்வது எப்படி என்று அந்த ஊருக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த மரமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

## உலகின் மிகப் பெரிய நகரமா?

இப்போது அந்த மூன்று கோடி. நம் ஊரில் மாவட்டத்தின் பெயரும் அதன் தலைநகரின் பெயரும் ஒன்றாக இருக்கும். மதுரை என்றால் மாநகராட்சியா, மாவட்டமா? மாவட்டத்தின் கடைக்கோடியில் வயல் நடுவே இருக்கும் சிற்றூர்க்காரரும் ‘நான் மதுரை’ என்று சொல்லலாம். அதற்காக அவர் ஊரைக் கோபுரத்தடியில் இருப்பதாக யாரும் எண்ண மாட்டார்கள்.

சோங்சிங்கும் அப்படித்தான். சீனாவில் மாகாணத்துக்குச் சமமான தகுதியோடு, நடுவண் அரசின் நேரடிப் பொறுப்பில் இருக்கும் நகரங்களுக்கு நேரடி ஆட்சி மாநகரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெய்ஜிங், ஷாங்காய், தியன்ஜின், சோங்சிங் என நான்கே உண்டு. சோங்சிங் 1997இல் சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிரித்து அப்படி ஆக்கப்பட்டது. பிரித்தபோது நகரத்தோடு சுற்றியிருந்த மலைநாட்டையும் சேர்த்து ஒரே பெயரில் கொடுத்துவிட்டார்கள். மொத்தப் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரியா என்ற நாடே ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளே 38 மாவட்டங்களும் வட்டங்களும். நெல்வயல், ஆரஞ்சுத் தோட்டம், காடு, துஜியா, மியாவ் மக்களின் தன்னாட்சி வட்டங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த 3 கோடியே 20 லட்சம் பேர் இத்தனையும் சேர்த்துத்தான். அவர்களில் பத்தில் மூன்று பேர் கிராமத்தில் இருப்பவர்கள்.

நாம் காணொளியில் பார்க்கும் அடுக்கடுக்கான நகரம் நடுவிலிருக்கும் ஒன்பது மாவட்டங்கள். அங்கே சுமார் ஒரு கோடிப் பேர். அதுவே மாபெரும் நகரம்தான். அதை மூன்று மடங்காக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

அவ்வளவு பெரிய மலைநாட்டை ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு முக்கியமான காரணம் ஆற்றில் கீழே கட்டிக்கொண்டிருந்த மூன்று பள்ளத்தாக்கு அணை. அணைக்கட்டு இருப்பது பக்கத்து ஹூபெய் மாகாணத்தில். ஆனால் தேங்கும் நீர் மேல்நோக்கிச் சுமார் 600 கிலோமீட்டர் நீண்டு சோங்சிங் வரை வருகிறது. வீடும் நிலமும் நீரில் மூழ்கி இடம்பெயர வேண்டியிருந்த சுமார் 13 லட்சம் பேரில் பெரும்பகுதியினர் இந்த மலைநாட்டுக்காரர்கள். அத்தனை பேரையும் குடியமர்த்தும் பொறுப்பை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே அந்த மூன்று கோடி என்ற எண்ணுக்குப் பின்னால் பெருமையைவிட, ஊரை இழந்தவர்களின் கணக்கு அதிகம் இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வரி: சோங்சிங் என்றால் இரட்டைக் கொண்டாட்டம். இந்தப் பகுதிக்குச் சிற்றரசராக இருந்த சோங் வம்சத்து இளவரசர் 1189இல் பேரரசரும் ஆனார். இரண்டு பேறு கிடைத்த மகிழ்ச்சியில் வைத்த பெயர்.

## ஆறும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை

நிலத்துக்குத்தான் நிலையான மட்டம் இல்லை என்றால் நீருக்கும் இல்லை. கோடை மழையில் யாங்சி பொங்கும், குளிர்காலத்தில் வற்றும். சாவ்தியன்மென் துறையின் நீண்ட படிகள் அதற்காகத்தான்: நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு படி கரையாக இருக்கும். நம் காவிரிப் படித்துறைகளுக்கு இருக்கும் அதே வேலை, பல மடங்கு உயரத்துக்கு.

இந்த ஏற்ற இறக்கத்தை அந்த நாட்டார் எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்கு, நகரத்திலிருந்து ஆற்றோடு கீழே போனால் வரும் ஃபூலிங் ஊரில் ஓர் அடையாளம் இருக்கிறது. பைஹெலியாங் என்ற நீண்ட கற்பாறைத் திட்டு. வெண்கொக்குத் திட்டு என்று பொருள். குளிர்காலத்தில் நீர் மிகவும் இறங்கினால் மட்டும் வெளியே தெரிந்த பாறை அது. அதில் மீன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நீர் கல்மீனின் கண்ணைத் தொட்டால், அந்த ஆண்டின் வறள்நீர் மட்டம் இன்னது என்று கணக்கு. கல்மீன் வெளியே வந்தால் அடுத்த விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. கி.பி. 763 தொடங்கிச் சுமார் 1,200 ஆண்டுகளின் நீர்மட்டப் பதிவு அந்தப் பாறையில் எழுத்தாக இருக்கிறது. அணை நீரில் அது நிரந்தரமாக மூழ்கிவிட்டது. பாறையைப் பெயர்க்காமல் இருந்த இடத்திலேயே மூடி, நீருக்கடியில் ஒரு அருங்காட்சியகம் கட்டி 2009இல் திறந்தார்கள். 40 மீட்டர் நீருக்குக் கீழே நடந்து போய், தடித்த கண்ணாடி வழியாகக் கலங்கிய பச்சை நீருக்குள் அந்த மீனைப் பார்க்கலாம்.

அணை நீரின் கணக்கு எளியது. வெள்ளக்காலம் வருமுன் நீரை 145 மீட்டர் மட்டத்துக்கு இறக்கி, வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் வைப்பார்கள். மழை ஓய்ந்ததும் 175 மீட்டர் வரை நிரப்புவார்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரங்கள் இவை. ஆகவே இயற்கையாக ஆறு வற்ற வேண்டிய குளிர்காலத்தில்தான் இப்போது தேக்கத்தின் வால் நகரம் வரை நீள்கிறது.

அணை இருந்தால் வெள்ளம் வராது என்ற எண்ணமும் சரியில்லை. அணை காப்பது தனக்குக் கீழே உள்ள ஊர்களை. சோங்சிங் அதற்கு மேலே இருக்கிறது. 2020 ஆகஸ்டில் நகரத்தின் சுன்டான் அளவுநிலையத்தில் நீர் 191.62 மீட்டரைத் தொட்டது; 1981இன் பெருவெள்ளத்தையும் தாண்டிய உயரம். சிசிகோ என்ற பழைய துறைத் தெருவில் கடைகளுக்குள் சேறு புகுந்தது. மேல் பாதி நகரத்தார் அன்று ஓரத்தில் நின்று பார்த்தார்கள்; கீழ்ப் பாதியார் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மலை நகரத்தில் உயரம் என்பது வெறும் காட்சியன்று, பாதுகாப்பும் அதுவே.

## பாறைக்குள் இருக்கும் நகரம்

அடுக்குகளில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. 1937 இறுதியில் ஜப்பானியப் படை நான்ஜிங்கை நெருங்கியபோது சீன தேசிய அரசு தலைநகரைச் சோங்சிங்குக்கு மாற்றியது. யாங்சியின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளையும் மலைகளையும் தாண்டித் தரைப்படை வருவது கடினம் என்பதே காரணம். படை வரவில்லை, விமானம் வந்தது. 1938 முதல் 1943 வரை குண்டு வீச்சு. குளிர்காலத்தில் இரண்டு ஆறுகளின் ஈரமும் காற்றைத் தடுக்கும் மலைகளும் சேர்ந்து நகரத்தைக் கனத்த மூடுபனியில் போர்த்திவிடும். மூடுபனி நகரம் என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. மேலிருந்து ஒன்றும் தெரியாத அந்த மாதங்களில் மக்கள் மூச்சு விட்டார்கள். பனி விலகியதும் மறுபடி விமானங்கள்.

அப்போது காப்பாற்றியது செம்மணற்கல். உளிக்கு விட்டுக் கொடுக்கும் அளவு மென்மை, தோண்டிய பிறகு இடிந்து விழாமல் நிற்கும் அளவு கெட்டி. குன்றுக்குக் குன்று குகை தோண்டினார்கள். எல்லாக் குகையும் காக்கவில்லை. 1941 ஜூன் 5 இரவு, ஷிபாத்தி அருகிலிருந்த பெருஞ்சுரங்கத்துக்குள் கொள்ளளவுக்கு மேல் ஜனம் புகுந்தது, விமானத் தாக்குதல் மணிக்கணக்கில் நீண்டது, காற்றோட்டம் போதவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சு முட்டியும் மிதிபட்டும் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்தின் வாயில் இன்று நினைவிடமாக இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் 5 அன்றும் சோங்சிங்கில் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறார்கள்.

மற்ற குகைகள் சும்மா கிடக்கவில்லை. ஹாட்பாட் கடை, கிடங்கு, பெட்ரோல் பங்க் என்று பலவாறாக மாறிவிட்டன. கோடையில் அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுற்றிலும் மலை, ஈரம் நிறைந்த காற்று, வெயில். 2022 ஆகஸ்ட் 18 அன்று பெய்பெய் மாவட்டத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் நகர நிர்வாகம் பழைய குகைகளில் சிலவற்றைத் திறந்து, பெஞ்சு போட்டு, குடிநீர் வைத்து, மின்விசிறி மாட்டிக் கொடுக்கிறது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே பாறையின் குளிர்ச்சி. குண்டுக்குப் பயந்து பாட்டனார் ஒண்டிய சுவரில் சாய்ந்துகொண்டு பேரன் சீட்டாடுகிறான்.